தட்டு, ஸ்பூன், டம்ளர்: டிமென்ஷியா உள்ளவருக்குச் சாப்பாட்டுக் கருவிகளை அமைப்பது எப்படி?

டிமென்ஷியா உள்ளவர் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோனால், "பசியில்லை போலிருக்கிறது" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பல நேரம் பசி இருக்கத்தான் செய்யும். தட்டில் இருந்தது அவர் கண்ணுக்குப் பிடிபட்டிருக்காது. அல்லது ஸ்பூனைக் கையில் எடுத்தவர், அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். வாய்க்குள் போனதை விழுங்க மறந்து அப்படியே வைத்திருப்பவரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உதவும் கருவி வேறு. பார்வைச் சிக்கலுக்கு எடை கூடிய ஸ்பூனை வாங்கிவந்தால், அது இரண்டாம் வாரமே அலமாரிக்குப் போய்விடும். எதையும் வாங்குவதற்கு முன், சாப்பாடு எந்த இடத்தில் தடைபடுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

முதல் மூன்று நாள்: தராசும் நோட்டும்

சமையலறைத் தராசு ஒன்று போதும். பரிமாறிய தட்டை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும், மேசையிலும் மடியிலும் சிந்தியதை அள்ளித் தட்டில் போட்டு மறுபடி எடை போடுங்கள். முதலில் 620 கிராம், முடிவில் 430 கிராம் என்றால் உள்ளே போனது 190 கிராம். காலித் தட்டின் எடையைக் கழிக்கிற வேலைகூட இல்லை. சிந்தியதைச் சேர்க்காமல் விட்டால் கணக்கு பொய் சொல்லும். கை நடுங்குகிறவர் "நன்றாகச் சாப்பிட்டார்" என்று நோட்டில் பதிவாகிவிடும்.

எடைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எங்கே நின்றது? தொடங்கவே இல்லையா? தொடங்கியவர் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பி, அப்படியே மறந்துவிட்டாரா? தட்டின் ஒரு பாதி காலியாகி மறுபாதி தொடப்படாமல் இருக்கிறதா? ஸ்பூனில் ஏறியது வாய்க்கு வருவதற்குள் கொட்டுகிறதா? கன்னத்துக்குள் கவளம் அடங்கி நிற்கிறதா? மூன்று நாள், ஒன்பது வேளை பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிந்துவிடும். காலையில் நன்றாகச் சாப்பிட்டு இரவில் வாயே திறக்காதவர் என்றால், முதலில் மாற்ற வேண்டியது பெரிய சாப்பாட்டின் நேரம். அதற்குக் காசு செலவில்லை.

கண்ணாடி, காது மெஷின், பல்செட் இவையும் உதவிக் கருவிகள்தான். இவை மேசைக்கு வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். எடை குறைந்தவருக்குப் பழைய பல்செட் ஆட ஆரம்பிக்கும். கடித்தால் வலிப்பதால் கெட்டியானதையெல்லாம் ஒதுக்குவார். மறதிக்குத் தரப்படும் டொனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் குமட்டலும் பசியின்மையும் தரும் என்பதால், மாத்திரை தொடங்கிய தேதியும் நோட்டில் இருக்கட்டும். நேற்றுவரை சாப்பிட்டவர் இன்று திடீரென்று நிறுத்திவிட்டால், கருவி தேடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொற்றோ மலச்சிக்கலோ வாய்ப்புண்ணோ காரணமாக இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை வந்திருக்காது.

சாப்பிடும்போது இருமல், குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சலோடு நெஞ்சுச் சளி: இவற்றில் எது இருந்தாலும் விழுங்குதலைப் பரிசோதிக்கத் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் முதலில் போங்கள். இருமலே வராமல் சத்தமின்றிப் புரையேறுவதும் உண்டு.

கண்ணுக்குத் தெரிகிற தட்டு

டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோயில் நிற வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. வெள்ளைத் தட்டில் வெள்ளை உணவு, வெள்ளை விரிப்பின் மேல் என்றால், அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய அல்சைமர் உள்ள 9 ஆண்களுக்கு வெள்ளைத் தட்டு, டம்ளருக்குப் பதிலாக அடர் சிவப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். உண்ட அளவு 25 சதவீதமும் குடித்த அளவு 84 சதவீதமும் கூடின. அடர் நீலமும் பலன் தந்தது. வெளிர் சிவப்பும் வெளிர் நீலமும் பலன் தரவில்லை. பலரும் கோட்டைவிடுவது இந்தக் கடைசி முடிவைத்தான். சிவப்பு என்ற பெயருக்கு மதிப்பில்லை. உணவுக்கும் தட்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பதுதான் கணக்கு. சிவப்புத் தட்டில் தக்காளிச் சாற்றில் ஊறிய உணவைப் பரிமாறினால் பழைய கதைதான். ஆய்வில் இருந்தது 9 பேர் மட்டுமே; அதே சதவீதத்தை உங்கள் வீட்டில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இவ்வளவு மலிவான மாற்றத்தை முதலில் செய்துபார்க்காமல் இருக்கக் காரணமும் இல்லை.

வாங்கும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். விரிப்பு, தட்டு, உணவு மூன்றையும் வழக்கமான இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில் வைத்து, அவர் கண் இருக்கும் உயரத்திலிருந்து செல்போனில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். தட்டின் விளிம்பு விரிப்போடு கரைந்துபோனால் விரிப்பை மாற்றுங்கள். உணவு தட்டோடு கரைந்தால் தட்டை மாற்றுங்கள். நிறத்தில் பளிச்சென்று தெரிகிற சிவப்பும் பச்சையும் இந்தப் படத்தில் ஒரே சாம்பலாக விழுவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

தட்டில் பூ, இலை, கோடு எதுவும் வேண்டாம். பூவை எடுக்க முயன்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார், சாப்பாடு ஆறிப்போகும். பளபளப்பு இல்லாத மேற்பரப்பு நல்லது. விளக்கு தட்டில் பிரதிபலித்தால் அதுவும் ஓர் உணவுப் பொருளாகத் தெரியும். தட்டின் ஒரு பாதியை மட்டும் சாப்பிடுகிறவருக்குப் புதுத் தட்டு எதுவும் தேவையில்லை. பாதியில் தட்டை அரைச்சுற்று திருப்பிவையுங்கள்.

உட்காரும் விதம்

இதைச் சரிசெய்யாமல் வாங்கும் எந்த ஸ்பூனும் வீண். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 டிகிரியில், பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் உறுதியான பலகை போடுங்கள். கால் தொங்கினால் உடல் சரியும், தலை பின்னால் சாயும், புரையேறும். முழங்கையை மடித்தால் முன்கை மேசைமேல் இயல்பாகப் படிய வேண்டும். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். படுக்கையில் சாய்த்துவைத்து ஊட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

கைக்கு ஏற்ற கருவி

உணவு தட்டைத் தாண்டி வெளியே தள்ளப்பட்டால் தேவை ஒரு தடுப்பு. ஏற்கெனவே உள்ள தட்டில் மாட்டும் வளைவான தட்டு வேலியும் உண்டு, ஒரு பக்க விளிம்பு உயர்ந்து உள்நோக்கி வளைந்த தட்டும் உண்டு. வலக்கைக்காரருக்கு உயர்ந்த பக்கம் இடப்புறம் இருக்க வேண்டும். ஸ்பூன் தள்ளும் உணவு அந்தச் சுவரில் மோதி ஸ்பூனில் ஏறும். இதைத் திருப்பி வைத்துவிட்டு "பயனில்லை" என்று கழற்றிவிடுகிறவர்கள் நிறைய. ஷா யாவ் என்ற வடிவமைப்பாளர் அல்சைமர் வந்த தன் பாட்டியை மனதில் வைத்து உருவாக்கிய ஈட்வெல் கிண்ணம் 2014இல் ஸ்டான்ஃபோர்டு முதுமை ஆய்வு மையத்தின் வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. அதன் உள்ளடி ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் உணவு தானே ஓரிடத்தில் சேர்கிறது. உட்புறம் நீலம், ஏனென்றால் நீல நிற உணவு அபூர்வம்.

தட்டு நழுவினால் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதும் அதன் பிடிப்பு போய்விடும். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டால் திரும்பி வரும். அடியில் உறிஞ்சுபிடி உள்ள கிண்ணம் கண்ணாடி, பளிங்கு, வழவழப்பான பிளாஸ்டிக் மேசையில்தான் ஒட்டும். கரடுமுரடான மரத்திலும் துணி விரிப்பிலும் ஒட்டாது. கிண்ணத்தைத் தூக்கி வாயில் வைத்துக் குடித்துப் பழகியவருக்கு இதைக் கொடுக்காதீர்கள். வராத கிண்ணத்தை அவர் பலமாக இழுப்பார். பிடி திடீரென்று விடும். சூடான சூப் மடியில்.

பிடி வலுவில்லாத விரலுக்குத் தடித்த கைப்பிடி உதவும். மொத்தத் தடிமன் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரும்படி பஞ்சுக்குழாயை வழக்கமான ஸ்பூனிலேயே செருகலாம். பஞ்சுக்குழாய் தண்ணீரைக் குடித்துப் பூசணம் பிடிக்கும் என்பதால் கழற்றிக் கழுவ வேண்டும். சிலிக்கான் உறைக்கு அந்தத் தொல்லை இல்லை. மணிக்கட்டு திரும்பாதவருக்குக் கழுத்து வளைந்த ஸ்பூன்.

நடுக்கத்துக்கு எடை கூடிய ஸ்பூன் என்று உடனே சொல்லிவிடுவார்கள். சுமார் 200 கிராம் எடையுள்ள ஸ்பூன் சிலருக்கு நடுக்கத்தை அடக்கும், ஆனால் மெலிந்த கைக்குப் பத்துக் கவளத்தில் சோர்வு வந்துவிடும். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். நடுக்கத்தை உணர்ந்து எதிர்த்திசையில் அசைந்து சமன்செய்யும் மின் ஸ்பூன்களும் உண்டு. 2014இல் கூகுள் வாங்கிய லிஃப்ட் லேப்ஸ் நிறுவனத்தின் லிஃப்ட்வேர் அப்படி ஒன்று. பார்க்கின்சன் நடுக்கத்துக்கும் காரணம் தெரியாத கைநடுக்கத்துக்கும் செய்யப்பட்டது அது. மறதி மிகுந்தவருக்குக் கையில் ஸ்பூன் தானாக அசைவதே பயமூட்டலாம். நடுக்கம்தான் முக்கியத் தடை, டிமென்ஷியா ஆரம்ப நிலை என்றால் மட்டும் பாருங்கள்.

ஸ்பூனை மறந்தவருக்கு எந்த ஸ்பூனும் உதவாது. கையால் எடுத்துச் சாப்பிடும் உணவுக்கு மாறுங்கள்: விரலில் உதிராத, இரண்டு கடியில் முடிகிற துண்டுகள். வாழ்நாளெல்லாம் கையால் சாப்பிட்டவருக்கு இந்த நிலையில் ஸ்பூன் பழக்குவது வீண் வேலை; ஈரத்துணி பக்கத்தில் இருந்தால் போதும்.

மெதுவாகச் சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளைக்கு 40 நிமிடம்கூட ஆகும். அதற்குள் உணவு ஆறிவிடும், ஆறியதை ஒதுக்குவார். அடியில் வெந்நீர் ஊற்றும் அறையுள்ள இரட்டைத் தட்டு இதற்கென்றே இருக்கிறது. கொதிக்கும் நீர் வேண்டாம். மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்தபின் மேசைக்குக் கொண்டுபோங்கள். பாதியைச் சூட்டுக் குடுவையில் வைத்து இரண்டு தவணையாகப் பரிமாறினாலும் அதே பலன்.

குடிக்க வைப்பது

குடிப்பது சாப்பிடுவதைவிட எளிதில் விட்டுப்போகிறது. மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் பரிந்துரை, முதிய பெண்களுக்கு நாளுக்குக் குறைந்தது 1.6 லிட்டர் பானம், ஆண்களுக்கு 2 லிட்டர். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவருக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் அவருக்குத் தெரியாது. அடர் நிற டம்ளர், ஒரு முறைக்கு 100 முதல் 150 மில்லி, கண்ணில் படும்படி. அகன்ற அடி, இரண்டு கைப்பிடி உள்ளது கவிழாது. மூக்குப்பக்கம் வெட்டப்பட்ட டம்ளர் பார்க்க விசித்திரமாக இருக்கும். ஆனால் தலையைப் பின்னால் சாய்க்காமல் கடைசிச் சொட்டுவரை குடிக்கலாம். வெட்டிய பக்கம் மூக்குக்கு வர வேண்டும், வாய்க்கு அல்ல. வெட்டு இருக்கும் பக்கத்தில் வாய் வைத்தால் சட்டை நனையும்.

மூடியில் உறிஞ்சும் மூக்கு வைத்த குழந்தைகள் டம்ளரை அவசரத்துக்கு வாங்கிவிடாதீர்கள். அதில் குடிக்கத் தலை பின்னால் போகும், மூடிக்குள் பானத்தின் சூடும் அளவும் தெரியாது. அதைப் பார்த்து மனம் சுருங்குகிறவர்களும் உண்டு. உறிஞ்சும் வலு குறைந்தவருக்கு வால்வு வைத்த ஸ்ட்ரா இருக்கிறது: ஒருமுறை ஏறிய பானம் கீழே இறங்காமல் நிற்கும். விழுங்கும் சிக்கல் இருந்தால் ஸ்ட்ரா வழியாக ஒரே வாயில் அதிகம் வந்துவிடும். தெரபிஸ்ட் சரி சொன்னபின் மட்டும்.

நேரத்துக்கு ஒளிரும், குரல் கொடுக்கும் டம்ளர்களும் உண்டு. ஒளிர்ந்தால் குடிக்க வேண்டும் என்ற தொடர்பை நினைவில் வைக்க முடிகிறவருக்கு மட்டுமே அவை பயன்படும். அது முடியாதவரிடம், பக்கத்தில் இருப்பவர் தன் டம்ளரைத் தூக்கிக் குடித்துக்காட்டுவது எந்த விளக்கையும்விட நன்றாக வேலை செய்யும்.

பதம்: பத்து விநாடிச் சோதனை

விழுங்குதல் பரிசோதனைக்குப் பிறகு "இரண்டாம் நிலை பானம்", "ஐந்தாம் நிலை உணவு" என்று எழுதித் தருவார்கள். இது உணவும் பானமும் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும், ஐடிடிஎஸ்ஐ எனப்படும் சர்வதேச அளவுகோல். 0 முதல் 7 வரை. பானத்தை வீட்டில் சரிபார்க்க 10 மில்லி ஊசிக்குழல் (சிரிஞ்ச்) ஒன்று வேண்டும். 0 முதல் 10 வரையான அளவுக்கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வேறு அளவுக் குழலில் விடை மாறும்.

1. ஊசியும் தண்டும் இல்லாமல் குழலை நிமிர்த்திப் பிடித்து, அடித்துளையை விரலால் மூடுங்கள்.
2. குடிக்கப்போகும் அதே சூட்டில் பானத்தை 10 மில்லி கோடுவரை ஊற்றுங்கள்.
3. விரலை எடுத்து, சரியாக 10 விநாடியில் மறுபடி மூடுங்கள்.
4. மிச்சத்தைப் பாருங்கள். 1 மில்லிக்குள் என்றால் 0 நிலை. 1 முதல் 4 வரை முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8க்கு மேல், ஆனால் கொஞ்சமாவது இறங்கியிருந்தால் மூன்றாம் நிலை. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நான்கு.

பானத்தைச் சொன்ன நிலைக்குக் கெட்டிப்படுத்தும் தூளில் இரண்டு வகை. மாவுச்சத்து வகை நேரம் ஆக ஆகக் கெட்டியாகிக்கொண்டே போகும். டம்ளரில் எச்சில் கலந்தால் நீர்த்துவிடும். சாந்தன் பிசின் வகை நிலையாக நிற்கும். எதுவானாலும் பொட்டலத்தில் சொன்ன நேரம் காத்திருந்தபின் சோதியுங்கள். உடனே பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போடுவதுதான் வழக்கமான தவறு. தெரபிஸ்ட் சொல்லாமல் நீங்களாகக் கெட்டிப்படுத்தத் தொடங்க வேண்டாம். கெட்டிப் பானம் பலருக்குப் பிடிக்காது, குடிப்பதே குறைந்துவிடும். இன்னொன்று: ஐஸ்கிரீமும் ஜெலட்டின் ஜெல்லியும் கெட்டி போலத் தெரியும், வாயில் உருகித் தண்ணீராகிவிடும். கெட்டிப் பானம் தேவைப்படுகிறவருக்கு அவை தண்ணீருக்குச் சமம்.

திட உணவுக்கு முள்கரண்டி போதும். ஐந்தாம் நிலையில் துண்டு 4 மில்லிமீட்டருக்குள். முள்கரண்டியின் பற்களுக்கு இடையே நழுவிப்போகும் அளவு. ஆறாம் நிலையில் 15 மில்லிமீட்டர்வரை. அந்தத் துண்டின் மேல் முள்கரண்டியை வைத்து, உங்கள் கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்துங்கள். நசுங்கி, பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் கிடந்தால் சரி.

நினைவூட்டிகள், அடுப்பு, ரோபோ

தனியாக இருப்பவருக்குச் சாப்பாட்டு நேரம் சொல்லும் கடிகாரமோ ஸ்பீக்கரோ ஆரம்ப நிலையில் உதவும். இயந்திரக் குரல் வேண்டாம், தெரிந்தவர் குரலைப் பதிவு செய்யுங்கள். வாக்கியம் ஒன்றே ஒன்று: "அம்மா, மேசைமேல் சாப்பாடு இருக்கு, இப்போ சாப்பிடுங்க." உணவு உண்மையிலேயே மேசைமேல் இருக்க வேண்டும்; "ஃபிரிட்ஜில் இருக்கிறது" என்றால் எழுந்து நடக்கும்போதே மறந்துவிடும். ஆள் தெரியாமல் குரல் கேட்டுப் பதறினால் உடனே நிறுத்திவிட்டு வீடியோ அழைப்புக்கு மாறுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் வைக்கும் சென்சார், கதவு திறந்ததைச் சொல்லும், சாப்பிட்டதைச் சொல்லாது. ஆள் நகர்வு நின்றால் அடுப்பை அணைக்கும் கருவி இதைவிடப் பயனுள்ளது. புது இண்டக்ஷன் அடுப்பைக் கற்றுக்கொள்ளச் சொல்வதைவிடப் பழகிய அடுப்பில் இதைப் பொருத்துவது மேல். வாயுக் கசிவுக் கருவி வைத்தால் இடத்தைப் பாருங்கள்: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையருகே, குழாயில் வரும் இயற்கை வாயு இலேசு, கூரையருகே.

ஓபி போன்ற ஊட்டும் ரோபோக்கள் கை செயலிழந்தவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் எந்தக் கிண்ணம், எப்போது என்று அவரே பொத்தானில் தேர்ந்தெடுக்க வேண்டும். நடு நிலையைத் தாண்டிய டிமென்ஷியாவில் அது நடக்காது. அந்தப் பணத்துக்கு மனித உதவி கிடைக்குமா என்று பார்க்கலாம்.

இதற்கு நேரெதிரான ஓர் உதாரணம்: அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களின் சாப்பாட்டு அறையில் மீன்தொட்டி வைத்துப் பார்த்த ஆய்வு 2002இல் வெளியானது. அல்சைமர் உள்ள 62 பேர் முன்னைவிட அதிகம் சாப்பிட்டார்கள். 16 வாரத்தில் சராசரியாக முக்கால் கிலோ எடை ஏறியது. கண்ணைப் பிடித்து மேசையில் இருக்கவைக்கும் எதுவும் கருவிதான். தொலைக்காட்சி மட்டும் வேண்டாம், அது கவனத்தைத் தட்டிலிருந்து பிடுங்கிவிடும்.

பழக்குவது

ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம். தட்டையும் ஸ்பூனையும் டம்ளரையும் ஒரே நாளில் மாற்றினால், அவர் மிரளுவார், எது பலித்தது என்று உங்களுக்கும் தெரியாது. வாரக் கடைசியில் மறுபடி மூன்று நாள் எடை. முதல் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

மேசையில் ஒரு தட்டு, ஒரு ஸ்பூன். உப்புக்குடுவையும் பூச்சாடியும் வேறிடத்தில். எதிரே உட்காராமல், அவருடைய பழக்கக் கைப்பக்கம், கண்மட்டத்தில் உட்காருங்கள். "ஸ்பூனை எடுங்க" என்று மட்டும் சொல்லி ஐந்து விநாடி பொறுங்கள். எடுக்காவிட்டால் உங்கள் கையில் ஸ்பூனைப் பிடித்து, அவர் கையை உங்கள் கைமேல் வைத்துக்கொண்டு, இருவர் கையும் சேர்ந்தே வாய்க்குப் போகட்டும். மூன்று நான்கு கவளத்தில் பழைய அசைவு திரும்பி, சிலர் தாங்களே தொடர்வார்கள். அவர் கைமேல் உங்கள் கையை வைத்து அழுத்திக் கொண்டுபோனால் அது பிடித்து இழுப்பதுபோலத் தோன்றும்; உதடு மூடிக்கொள்ளும். கவளம் தேக்கரண்டியில் முக்கால் அளவு. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தபின் அடுத்தது.

இங்கே சொன்னவற்றுக்கு ஒரு விலக்கு உண்டு. முன்மூளை-பக்கமூளை டிமென்ஷியாவில் சிலர் நிறுத்தத் தெரியாமல், வாய் கொள்ளாமல் அடைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பெரிய ஸ்பூனும் உணவு சேரும் கிண்ணமும் ஆபத்து. சிறிய ஸ்பூன், சிறிய கிண்ணம், ஒரு கிண்ணம் முடிந்தபின் அடுத்தது, மிச்சம் கண்ணில் படாத இடத்தில்.

உடல் எடையை மாதம் ஒருமுறை, அதே தராசில், அதே மாதிரி உடையில் பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ 6 மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால், 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ அல்லது 6 கிலோ, நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஒன்பது வேளைக் கணக்கும் "எங்கே நின்றது" வரிகளும் இருந்தால் அங்கே முதல் பத்து நிமிடக் கேள்விகள் மிச்சமாகும்.